மமாடியின் கதையில் நான் வெட்டியது

ஜனவரி 14, 1974. திங்கள்

விடியவே பனி. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. சப்பாத்துக்குள் ஈரம். மிஷன் கட்டட நிலவறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. கோட்டோடே ஒலிப்பதிவு.

இன்று பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதை, வீட்டைவிட்டுப் போன மகன் திரும்பிவரும் கதை, மானின்கா மொழியில். சொன்னவர் மமாடி. மாலி நாட்டுக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. அருமையான குரல். தொல்லை கூட வந்த சிநேகிதன் சேக்குவால்தான். மமாடி ஒரு வசனம் முடித்தால் இவன் 'நாமு' என்பான். அடுத்த வசனம், மறுபடி 'நாமு'. மைக்குக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு! 'ஓம், கேட்கிறேன்' என்று அர்த்தமாம்.

வாங்க வேண்டியது: ஒலிப்பதிவு ரேப்பை ஒட்டும் நாடா, பால், மனைவி ரஞ்சிக்கு இருமல் மருந்து.

ஜனவரி 17. வியாழன்

மைனஸ் பதினெட்டு. நாள் முழுக்க ஒலிநாடாவும் சவர பிளேடுமாக. எல்லா 'நாமு'வையும் வெட்டி எறிந்தேன். இப்போது கதை பளிங்குபோல ஓடுகிறது. யாரையும் கேட்கவில்லை. என் வேலையில் எனக்கு அவ்வளவு திமிர்.

மமாடி போன் பண்ணினார். ஞானஸ்நானம் எடுத்துக் கிறிஸ்தவரான நாளிலிருந்து, நாலு வருடமாக, தாய் அவரோடு பேச்சில்லை. அவர் எழுதும் கடிதத்தையும் வாசித்துக்காட்ட விடுவதில்லை. அந்த ஊர்ப் போதகர் கெஞ்சியதில், கதையென்றால் கேட்கிறேன் என்று தாய் சொன்னாராம்.

"அம்மா என் குரலைக் கேட்டால் போதும்" என்றார் மமாடி.

ரேப் நாளை தபாலில் போகும்.

மார்ச் 4. திங்கள்

மழையும் பனியும் கலந்து, தெருவெல்லாம் சேறு. மாலியிலிருந்து போதகரின் கடிதம். மூன்று தரம் வாசித்தேன்.

ரேப்பைப் போட்டுக்காட்டியபோது ஊர்ப் பெரியவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். கதைக்கு ஒருவர் பக்கத்திலிருந்து பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அங்கே அது கதையே இல்லை. தனியே பேசுகிறவன் சொல்வதை யார் நம்புவார்கள் என்று கேட்டார்களாம். தாய் மட்டும் கடைசிவரை இருந்திருக்கிறார். பிறகு கேட்டது இது: "நாமு சொல்லக்கூட என் மகனுக்கு அங்கே ஒருவரும் இல்லையா?"

அன்றிலிருந்து படுக்கையாம். சாப்பாடும் குறைவு.

மார்ச் 5. செவ்வாய்

ரஞ்சிக்குச் சொன்னேன். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தவள் இடியப்ப உரலைக் கீழே வைத்தாள்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"சும்மா சத்தம் எண்டு நினைச்சன்."

"நீங்கள் பிள்ளையளுக்குக் கதை சொல்லேக்க அதுகள் 'ம்' கொட்டாட்டி என்ன செய்யிறனீங்கள்? நிப்பாட்டிப்போட்டு, 'என்ன, நித்திரையோ' எண்டு கேக்கிறேல்லையோ?"

பதினொரு வருடம் ரேப் வெட்டியிருக்கிறேன். இது தோன்றவில்லை.

"மமாடியிட்டை நீங்களே சொல்லுங்கோ. வேற ஆக்கள் சொல்லி அந்த மனுசன் அறியக்கூடாது."

மார்ச் 7. வியாழன்

ஆஸ்பத்திரிப் பின்வாசலில், வேலை முடிந்து வந்தவரிடம் சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன். தாய் கேட்டதை இரண்டு தரம் வாசித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பப் பதியலாம் என்றேன். சேக்கு மொன்றியலுக்குப் போய்விட்டானாம். இந்த நகரத்தில் மானின்கா பேச வேறு யாரையும் அவருக்குத் தெரியாது.

"நான் சொல்கிறேன் நாமு."

"உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காதே."

"நீங்கள் நிறுத்தும் இடத்தில் சொல்கிறேன்."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "அவசரப்படாதீர்கள். நான் மூச்சு விட்ட பிறகு சொல்லுங்கள்" என்றார்.

சனிக்கிழமை நிலவறை கிடைக்காது. அடுத்த சனி.

மார்ச் 10. ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. குளிக்கும்போதும் பஸ்ஸிலும் நாமு, நாமு. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சமாளித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

மார்ச் 16. சனி

வானம் மப்பும் மந்தாரமும். ஹீற்றர் திருத்தியாயிற்று.

மமாடி நேரத்துக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்றார். தொடங்கினோம். முதலில் இரண்டு இடத்தில் முந்திவிட்டேன், பிறகு பிடிபட்டது. அவர் நிறுத்துவார், மூச்சு விடுவார், நான் நாமு. இளையவன் வீட்டைவிட்டுப் போகிறான், நாமு. பஞ்சம் வருகிறது, நாமு. கதை தெரிந்ததால் இடமும் தெரிந்தது. நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

மகன் திரும்பி நடக்கும் இடம் வந்தது. சின்னதாக ஒரு வசனம் சொல்லி நிறுத்தினார். நாமு என்றேன். இன்னொன்று சொன்னார், அதைவிடச் சின்னது. நாமு. அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

ரேப் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போனேன். தடுத்தார்.

"கடைசி இரண்டு வசனமும் கதை இல்லை. அம்மா போய்விட்டார், செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது என்று சொன்னேன். நீங்கள் நாமு சொன்னீர்கள்."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

"இதை வெட்டவேண்டாம்" என்றார்.