வேலு கள் இல்லாமல் உறுமி அடித்தான்

முருகன் துணை

கோத்தா திங்கி,
சித்திரை மாதம், 1934

மகள் சௌபாக்கியவதி புஷ்பவள்ளிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் உன்னிடம் வளரும் பேத்தி செல்லமும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே, நல்ல சேதிதான், எழுதக் கை பறக்கிறது. உன் தம்பி வேலு நேற்று மாரியம்மன் திருவிழாவில் உறுமி அடித்தான் அம்மா, ஒரு சொட்டுக் கள் இல்லாமல் அடித்தான்!

அவன் பெண்சாதி அங்கம்மா காய்ச்சலில் போனபின் அவன் இருந்த இருப்பை நீ பார்த்தவள்தானே. பெற்ற பிள்ளையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காமல் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தான், அதனால்தானே செல்லத்தை உன்னோடு அனுப்பினோம். அப்புறம் இன்னும் மோசம். தை மாதம் ஒருநாள் ஆற்றில் இறங்கி நடந்துகொண்டே போயிருக்கிறான், அக்கரைக் கம்பத்துக் குடிசைகளில் இருக்கும் மலாய்க்காரர் ஒருவர் சம்பான் படகில் வந்து இழுத்துப் போட்டார். உனக்கு எழுத அம்மா விடவில்லை. நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், அவனைச் சேர்த்துக்கொண்டார். கள் நின்றதும் உடம்பெல்லாம் உதறி, சுவரெல்லாம் பூச்சி ஊருது என்று கத்தினான். ரெண்டு சாத்து சாத்தினா சரியாயிடும் என்று வேலை வாங்கும் மண்டோர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். டிரஸர் குறுக்கே நின்று, இது திமிர் இல்லை, வருத்தம், வருத்தக்காரனை அடிக்கிறதோ என்று கேட்டு அவரை வெளியே அனுப்பினார். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோயாம். பிறகு வேலுவுக்கு அங்கேயே தண்ணீர் தூக்கும் வேலை கொடுத்து, சாயங்காலமானால் பக்கத்தில் உட்காரவைத்து அங்கம்மாவைப் பற்றிப் பேசச் சொல்வார். வெகுநாள் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவான். ஒருநாள் அழுதான் பார், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது. நடுவில் ஒரு சம்பள நாளில் குடித்தும்விட்டான், மறைக்கமாட்டேன். மறுநாள் தானே நடந்து டிரஸரிடம் போய் நின்றான்.

கள் போடாமல் வேலு கை பேசாது என்றுதான் திருவிழாவில் எல்லாரும் சொன்னார்கள். கரகம் புறப்பட்டதும் எடுத்தான் பார் ஒரு அடி, சாமி வந்தவர்களை அடக்க ஆளில்லை, உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். ஓய்ந்ததும் கூட மேளம் அடிக்கும் சின்னத்தம்பி பழைய வழக்கப்படி கள்ளுக் குவளையை நீட்டினான். வேணாண்ணே, சூடா ஒரு தேத்தண்ணி குடுங்க என்றான் வேலு!

செல்லத்தை வரச்சொல்லி எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். வேணாம்ப்பா, எனக்கே என்மேல இன்னும் பயமா இருக்கு, அப்பன் செத்துட்டான்னு அக்கா சொல்லியிருந்தா அப்படியே இருக்கட்டும் என்று எழுந்து போய்விட்டான். போனவன் இப்போது திரும்பிவந்து வாசலில் நிற்கிறான். செல்லம் எவ்வளவு உசரம் வளந்திருக்குன்னு மட்டும் கேட்டு எழுதுங்கப்பா என்கிறான். அம்மா புஷ்பம், அதற்கு நீ காகிதத்தில் பதில் எழுதாதே. பிள்ளையை அழைத்துவந்து அவன் முன்னால் நிறுத்து. பிரித்துக் கொடு என்று கேட்கவில்லை, கண்ணில் காட்டினால் போதும்.

ஜோகூர் பாரு ஸ்டேஷனில் நான் காத்திருப்பேன். ரயிலில் குழந்தையை ஜன்னலோரம் விடாதே, கரித்தூள் கண்ணில் விழும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
காளியப்பன்