துரையின் தீவுப் பாஷையும் பண்டிதரின் திருத்தமும்

ஆடி 2, வெள்ளி.

சோளகக் காற்று. கோப்பாய் முழுக்கப் புழுதி, வாயிலும் மண். துரையின் றங்குப்பெட்டியில் கறையான்! பங்குனியில் எங்கள் முன்வீட்டில் வாடகைக்கு இருந்து செத்துப்போன வெள்ளைக்காரர். வாலிப வயதெல்லாம் மெலனீசியத் தீவுகளில் அலைந்து, அந்தச் சனங்களின் பாஷைகளைப் பென்சிலால் எழுதி வைத்தவர்; பெட்டி நிறைய அந்தத் தாள்கள்தான். அவற்றை எடுத்துப்போகக் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பெட்டியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொன்னார். அண்ணையிடம் இல்லை.

பெட்டிக்குள் போட வேப்பிலை காயவைக்க வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பிகள் இன்னும் திருத்தவில்லை.

ஆடி 5.

பெட்டி போய்விட்டது. அண்ணை பண்டிதரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வெள்ளைக்காரன்ரை கடுதாசியளோடை என்ன வேலை? கறையான் தின்ன முன்னம் அவர் வடிவாய்ப் பிரதி பண்ணித் தருவார்."

பண்டிதராம்! உலகத்துப் பாஷையெல்லாம் தமிழ் பெற்ற பிள்ளைகள் என்று சந்தையில் நின்று சண்டை பிடிக்கிறவர். குரங்கின் கையில் பூமாலை.

ஆடி 13.

தலையிடி. பால்காரி வரவில்லை. பண்டிதர் வீட்டுக்குப் போய்ப் பிரதியைப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து, அதுவே எரிச்சல். துரை போட்ட கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. 'இந்தச் சொல்லைச் சொன்ன கிழவி சிரித்தாள், ஏய்க்கிறாளோ தெரியாது' என்று ஓரத்தில் எழுதியிருந்தார், அதுவும் இல்லை. சொற்களோ ஆளே மாறி, பாதி தமிழாக நிற்கின்றன.

"உது பிழை, ஐயா."

"பிழையில்லைப் பிள்ளை. அந்தச் சனம் கடல் கொண்ட எங்கடை நாட்டின்ரை மிச்சம். கதைச்சுக் கதைச்சுச் சொல்லைத் தேய்ச்சுப்போட்டுதுகள். நான் திருத்தி விட்டிருக்கிறன்."

தங்கள் பாஷை தங்களுக்கே தெரியாதாம்! மூலத்தைத் திருப்பிக் கேட்டேன். அமாவாசை கழியட்டும் என்றார்.

ஆடி அமாவாசை.

அண்ணையும் பண்டிதரும் கீரிமலைக்குப் போய்க் கடலில் முழுகிவிட்டு வந்தார்கள். பெட்டியையும் கொண்டுவந்தார்கள், வெறுமையாக.

"பிரதி எடுத்தால் பழசைக் கடலிலை விடுறதுதானே முறை," என்றார் அண்ணை. "பண்டிதர் பூவும் போட்டுத்தான் விட்டவர்."

பூ! செல்லரித்த ஏட்டை அப்படி விடுவது எனக்கும் தெரியும். ஒப்புப் பார்த்த பிறகு விடுவார்கள். இவர் யாரை வைத்து ஒப்புப் பார்த்தார்? நான் பரிமாறவில்லை. தாங்களே போட்டுச் சாப்பிடட்டும்.

ஆடி 24.

நித்திரை இல்லை. கொழும்பு ஆளிடம் சொன்னால் பிரதியையும் வேண்டாம் என்பார், ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் பண்டிதர் புளுகியதுதான் அந்தச் சனங்களின் பேச்சு என்று நிலைத்துவிடும். துரை என்னை நம்பித் தந்தாரே. அழுகை வருகிறது, ஆத்திரமும்.

ஆடி 30.

கொழும்பு உத்தியோகத்தர் வந்தார். நம்மூர் ஆள்தான். பண்டிதர் பட்டுச் சால்வையோடு முன் கதிரையில். "என்ன வடிவான எழுத்து!" என்றார் வந்தவர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணை, "வாயை மூடடி!" என்று எழும்பினார்.

வந்தவர் பிரதியை என் முன் வைத்துச் சிவப்புப் பென்சில் தந்தார். "நீங்கள் மூலத்தை வாசிச்சனீங்கள்தானே, ரீச்சர். மாத்தினதை வெட்டிவிடுங்கோ. மிச்சத்தைக் கொண்டுபோறன்."

முதல் பக்கத்தை விறுவிறென்று வெட்டினேன். பண்டிதரின் முகம் சுண்டிப்போனது. நல்லாய் வேண்டும்! அடுத்த பக்கமும் வெட்டினேன். அதற்கடுத்ததில், மழைக்கு அந்தத் தீவுச் சனங்கள் சொல்லும் சொல். கண்ணை மூடிப் பார்த்தேன். துரையின் அந்தத் தாள் தெரிகிறது, கறையான் தின்ற மூலை தெரிகிறது. சொல் தெரியவில்லை.

"இது ஆர் எழுதினது, ரீச்சர்? துரையோ, இவரோ?"

தெரியாது என்றேன். அதற்குக் கீழே இருந்ததும் தெரியவில்லை.

பண்டிதர் சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.