சட்டியில் போட வேண்டிய உப்பு

இன்று காலை வகுப்பைத் திறந்ததும் முதல் வேலையாக உன் கணினியின் உறையை எடுத்தேன். பதுளை மழைக்கு அதில் ஏறியிருந்த பூஞ்சண வாசனை மூக்கில் அடித்தது. திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய பூத்துணியில் நீ தைத்த உறை. இத்தனை வருடம் துவைத்தும் ஒரு தையல் விடவில்லை. நான் தைத்ததை எலி கடித்துக் குதறியது உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னுடையதை மட்டும் அந்தச் சனியன் பிடித்த எலி தொடவே இல்லை.

செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பாய். நான் படுகிறேன். உயிரோடு இருந்தபோது வயிறெரியப் பட்டதை, நீ போய்விட்டாய் என்பதற்காக ஏன் நிறுத்த வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த நாம், ஒரே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு டவுனுக்கு வந்து இதே அறையில் சி என்ற கணினி மொழி படித்தோம். உதவி ஆசிரியை வேலை ஒன்று வந்தது. “ரெண்டு பேரும் கெட்டிக்காரியள்தான். ஆனா இடம் ஒண்டுதான் இருக்கு” என்றார் நமக்குப் பாடம் எடுத்த யாழ்ப்பாணத்து சேர். அது கிடைக்காவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான் என்று அப்பா எனக்கு முடிவாகச் சொல்லியிருந்தார்.

தோட்டத்துக் கொழுந்து நிறையை மாதத்துக்குக் கூட்டிக் காட்டும் ப்ரோகிராம் எழுதச் சொன்னார் சேர். நான் ஆவணி மாதத்து நிறைகளைப் போட்டுப் பார்த்தேன். காற்றடித்துச் செடியெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதம். கணக்கு கச்சிதமாக வந்தது. சேர் வந்து உட்கார்ந்து, கார்த்திகை மழைக்கு வந்த நிறைகளைத் தட்டினார். நீலத் திரையில் கூட்டுத்தொகை மைனசில் வந்து நின்றது.

“என்ன பிள்ளை, பறிச்ச கொழுந்தைத் திருப்பிச் செடியில ஒட்டிப்போட்டீரோ?”

வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால் உன்னை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கும்.

கூட்டுத்தொகையை வைக்க நான் ‘இன்ட்’ என்ற சின்ன எண் வகையைப் போட்டிருந்தேன். அந்தக் கணினியில் அது முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் எண் புரண்டு மைனசுக்குப் போய்விடும். நீ பெரிய எண்ணும் கொள்ளும் ‘லோங்’ போட்டிருந்தாய். வேலை உனக்கு.

பஸ்ஸில் என் தோளை இடித்துச் சொன்னாய். “அடமழைக்கு எம்புட்டுக் கொழுந்து வரும்னு ஒனக்குத் தெரியாதாடி? மொதல்ல எம்புட்டு வரும்னு கேளு, அப்புறம் கூடையத் தூக்கு.”

தெரியும்டி. அந்த மழையில் என் அம்மாவும்தானே நனைந்தாள்! தெரிந்திருந்தும் எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் பேர் பதிந்தேன். நீ கைப்பை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போவதை மலையில் நின்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் புத்தகத்தோடு எங்கள் காம்பராவுக்கு வந்து நிற்பாய். யார் கேட்டார்கள் உன்னை? எண்ணைக் கொடுக்காமல், அது கணினி நினைவகத்தில் இருக்கும் இடத்தைச் சொல்லி அனுப்பும் பாயிண்டர் என்றாலே எனக்குக் கிறுகிறுக்கும். “நம்பரத் திருத்தச் சொல்லித்தான் அனுப்புனேன், திருத்தாமலே வருதுடி” என்று ஒருநாள் கத்தினேன். நீ என் குழம்பை வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாய்.

“என்னாடி இது, உப்பே இல்ல?” உன் தட்டில் உப்பைத் தூவிக்கொண்டாய். “இப்ப அடுப்புல இருக்குற சட்டியில உப்பு ஏறிருச்சா?”

“அதெப்புடி ஏறும்?”

“அதத்தான் நீ பண்ணியிருக்க. கொழம்புல கொஞ்சம் அள்ளிக் குடுத்தா அந்தத் தட்டுலதான் உப்பு விழும். சட்டி எந்தக் காம்பராவுல இருக்குன்னு ஒரு புள்ளகிட்ட சொல்லி அனுப்பு, நேரா போயி சட்டியில போடுவா. சட்டியா அண்டாவான்னும் சொல்லணும், அப்பத்தான் எம்புட்டு போடுறதுன்னு தெரியும். எடமே சொல்லாம அனுப்புனியோ, யாரு வீட்டுச் சட்டியிலயோ போட்டுட்டு வந்துருவா. அப்புறம் லயமே சண்டதான்!”

அம்மா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். என் அம்மா, என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு உனக்குக் கொழும்பில் பெரிய வேலை வந்தது. போகும்போது சேரிடம் சொல்லி, என்னை மலையிலிருந்து இறக்கி உன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனாய். அதற்கும் நான் வாய் நிறைய நன்றி சொல்லவில்லை. நல்லவளாக இருப்பதிலும் நீயே முந்திக்கொண்டாய் என்றுதான் கோபம் வந்தது. போன வருடம் மார்புக் கட்டி உன்னைக் கொண்டுபோனபோது, லயத்துக்கு லயம் சனம் மழையில் நனைந்துகொண்டு வந்தது. அழுது அழுது என் தொண்டை கட்டிவிட்டது. அந்த அழுகைக்கு நடுவிலும், எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. பாவி மனசு.

இன்று பாயிண்டர் பாடம். உப்புக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள். வெலிமடையிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்டாள்: “டீச்சர், இது நீங்களே யோசிச்சதா?”

“ஆமா” என்றேன்.

திருத்தமாட்டேன். வேலை முதலில் உனக்கு. கொழும்பு உனக்கு. என் அம்மாவின் சிரிப்பும் உனக்கு. இன்னும் நான் ஒரு வரி எழுதும் முன், எம்புட்டு வரும் என்று கேட்பது உன் குரல்தான். அதையெல்லாம் வைத்துக்கொள். அந்த ஒரு சட்டி உப்பாவது என்னுடையதாக இருக்கட்டும்.

இல்லை, அது உன்னுடையது என்றால் வந்து கேளுடி. பிள்ளைகள் முன்னால் கத்தி என் மானத்தை வாங்கு. உன் கணினிக்கு இன்னும் உறை போடவில்லை.