பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கோழி

இன்று காலை வெள்ளவத்தையில், காலி வீதி சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றபோது உன் நினைவு வந்தது. தோலுரித்த கோழி ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். மேலே ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் புல்வெளி, சூரியன், புல்லைக் கொத்திக்கொண்டு நிற்கும் ஒரு சிவப்புக் கோழி. 'இயற்கையோடு வளர்ந்தது' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் மட்டும் வழக்கம்போல ஓர் எழுத்துப் பிழை.

புரட்டிப் பார்த்தேன். அடியில், கண்ணாடி போட்டாலும் வாசிக்கக் கஷ்டமான எழுத்தில் பண்ணையின் பெயர். நீயும் நானும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்த அதே பண்ணை.

இறைச்சிப் பகுதியில் நின்ற பெண்ணிடம், இது உண்மையிலேயே வெளியில் மேய்ந்த கோழியா என்று சிங்களத்தில் கேட்டேன். "எல்லாம் ஒரே லொறியிலதான் வருது மிஸ், ஸ்டிக்கர்தான் வேற" என்றாள். அவளில் என்ன பிழை? கோழியை வைத்துவிட்டு வெறும் பையோடு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால், ஒரு கோழிக்காக ஏன் இவ்வளவு கோபம் என்பார்கள். நீ அப்படிக் கேட்டிருக்கமாட்டாய். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அந்தப் பண்ணைக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. அப்போது கடற்கரைப் பக்க ஒழுங்கையில் நம்முடைய சமையலறை ஓரளவு நன்றாக நடந்துகொண்டிருந்தது. நீ விடியற்காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து வருவாய். நான் தேங்காய் திருவி வைத்திருப்பேன். மத்தியானத்துக்குள் சோற்றுப் பார்சல் எல்லாம் போய்விடும். ஒரு பெரிய அலுவலகம் தன் ஊழியர்களுக்குத் தினமும் சாப்பாடு கேட்டது. அவ்வளவு கோழிக்கு எங்கே போவது என்று விசாரித்தபோதுதான், பண்ணைக்காரர் தன்னுடைய வேனிலேயே நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அந்த இடத்தைக் காட்டுவதில் அவ்வளவு பெருமை.

நீளமான தகரக் கொட்டகை. பட்டப்பகலிலும் லைட் எரிந்தது. கதவைத் திறந்ததும் நாற்றத்தில் கண் எரிந்தது. உள்ளே தரை தெரியவில்லை, கோழிகள்தான் தரை. நெஞ்சு பெருத்து, கால் தாங்காமல், உட்கார்ந்தபடியே இருந்தன. ஒன்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகப் பார்த்தது. இரண்டு அடி வைத்துச் சரிந்தது. பிறகு அது முயற்சி செய்யவில்லை.

"இதுகள் எப்பயாவது வெளியில போகுமா?" என்று நீ கேட்டாய்.

"போகும் மிஸ்," என்று அவர் சிரித்தார். "லொறியில."

திரும்பி வரும் வழியில், கிருலப்பனையில் வேன் நெரிசலில் நின்றபோது, "நான் இதைச் சமைக்கமாட்டன்" என்றாய்.

"நீ சமைக்காட்டி வேற ஆரும் சமைப்பினம்" என்றேன்.

"சமைக்கட்டும். என்ர கையால இல்லை."

அந்த அலுவலகத்தின் சாப்பாடு வேறொருவருக்குப் போனது. கிழமைக்கணக்கில் நாம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ சைவமாக மாறியிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். ஆனால் உன்னைப்போல் கோழிக் காலைக் கடித்து எலும்பை உறிஞ்சுகிற ஆளை நான் கண்டதில்லை. இது என்ன நியாயம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். நீ மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாய். இருமிக்கொண்டே சொன்னாய்: "செத்த கோழியைத் தின்ன எனக்கு வெக்கமில்லையடி. உயிரோட இருக்கேக்க அது கோழியா இருந்திருக்கோணும். அவ்வளவுதான்."

அதன்பிறகு பாதுக்கைப் பக்கம் ஒருவரைக் கண்டுபிடித்தாய். சோமபால அய்யே. நமக்கு அவர் அய்யே, அண்ணன்; அவருக்கு நான் நங்கி, தங்கை; உன்னை மட்டும் மரியாதையாக 'நோனா' என்பார். பலா மரத்துக்கும் தென்னைக்கும் அடியில் அவருடைய கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தன. மருந்தடிக்காத கீரையும் பயற்றங்காயும் அவரிடமே வாங்கினோம். வாடிக்கையாளர்கள் இறைச்சி இழுபடுகிறது என்றார்கள், விலை கூட என்றார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. நீயோ எவரிடமும் விளக்கமே சொல்லமாட்டாய். "விருப்பமில்லாட்டி பருப்பைச் சாப்பிடுங்கோ" என்பாய்.

உன்னை வாயடைக்க வைத்தது பரீனா மட்டும்தான். மாளிகாவத்தை ஃபிளாட்டிலிருந்து வந்து நமக்கு மரக்கறி வெட்டித் தந்த பரீனா. ஒருநாள் நீ பிராய்லரைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க கோழிட கவலைய பாக்குறீங்க. எனக்கு ஈக்கிறது புள்ளைகள்ட கவல. மலிவா அந்தக் கோழி இல்லாட்டி எங்கட ஊட்டுல கறியே இல்ல" என்றாள். அடுத்த கிழமை, கோழிக்கறி இனிக் கிழமையில் ஒருநாள்தான், மற்ற நாள் பலாக்காயும் பருப்பும் முட்டையும் என்று அறிவித்தாய். அது பரீனாவுக்குப் பதிலாகுமா? இல்லை. அது உனக்கும் தெரியும்.

பிறகு எல்லாரும் ஓர்கானிக்குக்கு மாறவேண்டும் என்று அரசாங்கம் ஒரே உத்தரவில் நாடு முழுக்க இரசாயன உரத்தை நிறுத்தியது. வயல் எல்லாம் மஞ்சளாகிப் போனது. அதுவரை 'ஓர்கானிக்' என்றால் பணக்காரப் பைத்தியம் என்று சிரித்தவர்கள், அதன்பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஏசினார்கள். நம் பார்சலில் அந்தச் சொல்லை அச்சடித்திருந்ததைப் பார்த்து ஒரு மனிதர், "எங்களைப் பட்டினி போட்டது காணாதோ?" என்று கேட்டார். நீ பொங்கிவிட்டாய், அவரிடம் அல்ல. "ஆறுதலா, விவசாயியோட இருந்து செய்யவேண்டிய வேலை. ஒரு நல்ல சொல்லை நாசமாக்கிப்போட்டாங்கள்" என்று சட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வருத்தம் வந்து நீ படுக்கையில் விழுந்தாய். நீ போனதும் நான் சமையலறையை மூடிவிட்டேன்.

போன மாதம் உன்னுடைய ஆண்டு நினைவு. பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டில் சாப்பாடு. உன் கணவர் அல்போன்ஸ் அண்ணை, ஒரு கடையில் கோழிப் புரியாணிக்குச் சொல்லிவிட்டதாக என்னிடம் போனில் சொன்னார்.

"எந்தக் கோழி அண்ணை?"

"கோழிதான். கோழியில என்ன எந்தக் கோழி?" என்றார். பிறகு அவருக்கே விளங்கியது. "அவ இல்லையே பிள்ளை. ஆர் இனி அதெல்லாம் பாக்கிறது?"

"நான் பாக்கிறன். நானே சமைக்கிறன்" என்றேன்.

அடுத்த நாளே பாதுக்கைக்குப் போனேன். சோமபால அய்யேயின் வளவில் பலா மரங்கள் அப்படியே நின்றன. தென்னைகள் நின்ற இடத்தில் புதிதாக ஒரு நீளத் தகரக் கொட்டகை. கதவு சாத்தியிருந்தது. திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மணம் வெளியிலேயே வந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கதைத்தார். கம்பனி குஞ்சு தருகிறது, தீன் தருகிறது, வந்து ஏற்றிக்கொண்டும் போகிறது. முன்பு தீன் விலை ஏறியபோது வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். "நங்கி, நல்ல கோழி எண்டு வாயால புகழ நிறையப் பேர் வந்தாங்க. கடைசி வரைக்கும் வாங்க நீங்க ரெண்டு பேர்தான் வந்தீங்க. பிறகு நீங்களும் வரல்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேல் கோபப்பட்டால் அது அநியாயம்.

"நோனா இருந்தா எனக்கு நல்லா ஏசியிருப்பாங்க" என்றார்.

"ஓம், ஏசியிருப்பா."

வீட்டுக்கென்று சில கோழிகள் மட்டும் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைத் தரமுடியாது என்றார். முட்டை தந்தார், பலாக்காய் பறித்துத் தந்தார். அன்றைய சமையல் அதுதான்: பலாக்காய்க் கறி, முட்டைக் குழம்பு, பருப்பு, கீரை. சுவையில் ஒரு குறையும் இல்லை, அதை நானே சொல்லக்கூடாதுதான்.

அண்ணையின் தங்கை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். "இறைச்சி இல்லையா?" என்றாள். இல்லை என்றேன், ஏன் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். சற்று நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பொரித்த கோழி, பெட்டி பெட்டியாக. யாரோ போனிலேயே ஓடர் பண்ணியிருக்கிறார்கள். முன் ஹோலில், மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே இருந்து சாப்பிட்டார்கள். என் சட்டிகள் பாதிக்கு மேல் மிஞ்சின.

நான் குசினியில் போய் நின்றேன். அழுகை வரவில்லை, பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். அல்போன்ஸ் அண்ணை தட்டோடு உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முட்டையைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்தார்.

"உன்னோட அவ சண்டை பிடிச்சிட்டு வந்து ராவெல்லாம் எனக்குத்தான் சொல்லுவா," என்றார். "எனக்கு ஒண்டும் விளங்கிறதில்லை. கடைக் கோழி சாப்பிடுறதை மட்டும் நிப்பாட்டினன். அவ கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை."

"பிறகு ஏன் அண்ணை புரியாணிக்குச் சொன்னீங்க?"

"சனத்தோட ஆர் மல்லுக்கட்டுறது?" என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

மறுநாள் சோமபால அய்யேக்குப் போன் எடுத்தேன். வெளியில் மேயவிட்டு வளர்த்தால் ஒவ்வொரு கிழமையும் தவறாமல் வாங்குகிறோம், மீண்டும் தொடங்குவீர்களா என்று கேட்டேன். வாங்குவது யார் யார் என்றார். நான், அல்போன்ஸ் அண்ணை, எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு. அவர் சிரிக்கவில்லை. "பாப்பம் நங்கி" என்றார்.

அதன்பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இன்று காலை வெறும் பையோடு வந்ததும் மறுபடி அவருக்குப் போன் எடுத்தேன். இன்னும் யோசிக்கிறாராம். நாளை மறுநாள் நேரில் போகப்போகிறேன். நுகேகொடையில் இருக்கும் என் தங்கையையும் வாங்கச் சொல்லி அலுப்புக் கொடுத்து வைத்திருக்கிறேன். நீ இருந்தால் அய்யேயை ஒரு ஏச்சு ஏசி, அந்தக் கொட்டகைக் கதவை நீயே திறந்துவிட்டிருப்பாய். எனக்கு ஏச வராது, சமாதானமாக இருக்கவும் இப்போது வருவதில்லை. சும்மா இருக்கமுடியாத இந்தக் குணத்தை எனக்குப் பழக்கிவிட்டு நீ போய்விட்டாய். விடாமல் கேட்டுக்கொண்டிருக்க மட்டும் எனக்கு வரும். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.