சேஸிஸ் மேல் ஒரு சீட்

மார்ச் 3, 2025, திங்கள், காலை 7.40. காரின் அடிச்சட்டமான சேஸிஸில் ஓட்டைகள்: பதினேழு.

சுத்தியலால் தட்டித் தட்டி எண்ணினேன். நல்ல இரும்பு கணீரென்கிறது. துருப்பிடித்தது பொத்தென்கிறது. என்னைவிடப் பதினாறு வயது மூத்த கார். ஒன்பது வருடமாக ஷெட்டைவிட்டு நகரவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு அது ஓடுகிறது. நினைவு தப்பத் தொடங்கியதிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்கு ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இறங்கும்போது தெளிவாக இருப்பார்.

நேற்று அப்பா பிரேக்கை மிதித்தபோது அவர் கால் தரைத் தகட்டோடு கீழே போய்விட்டது. கணுக்காலில் கீறல். குனிந்து பார்த்தால் அடியில் சேஸிஸுக்கும் அதே கதி. பழைய இரும்புக்குப் போடச் சொன்னாள் அம்மா. "மூணு வாரம் குடும்மா" என்றேன். மேற்கூடான பாடியைத் தூக்கி, சேஸிஸைச் சரிசெய்து, திரும்ப உட்காரவைக்க அது போதும். போட்ட கணக்கு சரி.

மார்ச் 8, சனி

பாடி மேலே போய்விட்டது. முன்னால் ஒரு செயின், பின்னால் ஒரு செயின். நாற்பதே நிமிடம்!

மார்ச் 9, ஞாயிறு

கதவைச் சாத்த முடியவில்லை.

இரண்டு முனையில் தூக்கியதில் பாடி நடுவில் தொங்கி, கதவு இடைவெளி மேல்பக்கம் பதினொரு மில்லிமீட்டர் குறுகிவிட்டது. தூக்கும் முன் இடைவெளிக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும். தெரியாதா எனக்கு? தெரியும். அரைநாள் வேலையென்று விட்டேன்.

தெருமுனையில் கார்த் தகடு தட்டி நிமிர்த்தும் டிங்கர் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "என்ன இன்ஜினியரே, சட்டையக் கழட்டச் சொன்னா தோள்பட்டையையும் சேத்துக் கழட்டிட்டீங்களே?"

"நிமித்த எத்தன நாள் ஆகும்ணே?"

"நாளா? மாசம்னு கேளுங்க."

மார்ச் 12, புதன்

அப்பா ஷெட் வாசலிலேயே நிற்கிறார். "வண்டி எங்கடா?"

"பிரிச்சு வெச்சிருக்கேன்பா."

இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. ஒன்பதாவது தடவை கத்திவிட்டேன். "அதான் சொன்னேன்ல! எத்தன தடவ சொல்றது?"

பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "சாரி சார்" என்றார். என்னைப் பார்த்து.

மார்ச் 13, வியாழன்

அம்மா காபி டம்ளரை என் முன்னால் வைத்த வேகத்திலேயே தெரிந்தது. "வீட்டுல இருக்கற கதவையெல்லாம் ஒவ்வொண்ணா சாத்திச் சாத்திப் பாக்கறார்டா. பாத்ரூம் கதவுல விரல நசுக்கிக்கிட்டார். உன் மூணு வாரத்த நீயே வெச்சுக்கோ."



மார்ச் 15, சனி

வெறும் சேஸிஸ் மேல் டிரைவர் சீட்டை நாலு போல்ட்டில் முடுக்கினேன். ஸ்டியரிங்கைக் கம்பி கொடுத்து நிறுத்தினேன். காலுக்கு ஒரு பலகை, சக்கரங்களுக்குக் கட்டை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூரையுமில்ல, கதவுமில்ல. இதுலயா அவர ஏத்தப் போற?"

நாலு மணி. கைத்தாங்கலாக ஏற்றினேன். சுற்றும் முற்றும் பார்த்தார். கண்டுபிடிச்சிடுவாரோ? பக்கவாட்டில் கையை நீட்டி, இல்லாத கதவை இழுத்தார். காத்திருந்தார். மறுபடி இழுத்தார். முகம் கலங்க ஆரம்பித்தது.

யோசிக்கவேயில்லை. வாயால் "டப்" என்றேன்.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். "மெதுவாச் சாத்துடா" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

இனி:

1. முதலில் டிங்கர் அண்ணனிடம் போவது. கேலி செய்தால் வாங்கிக்கொள்வது. பாடிக்கு நடுவில் ஜாக்கி கொடுத்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக நிமிர்த்துவது.

2. வெல்டிங் எல்லாம் மதியத்துக்குள். நாலு மணிக்கு எந்த இரும்பும் சூடாக இருக்கக் கூடாது.

3. அப்பா ஏற இறங்க ஒரு படி, கைப்பிடியோடு. இடது காலைத்தான் முதலில் தூக்குகிறார்.

4. முடிக்கும் தேதி — எழுதவில்லை.

5. பக்கத்து சீட்டையும் முடுக்குவது. அம்மா கேட்டாள்.