நந்திக்குப் பொட்டு வைத்தவர்கள்

நோர்பரி, லண்டன்
04.10.2025

அன்பு மகள் மயூராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீ அந்த ஸ்கொட்லாந்து மலையில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். போனில் சொல்லலாம், ஆனால் என் குரல் கொஞ்சம் ஏறினதும் "அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று நீ வைத்துவிடுவாய். பத்து வருடம் சனிக்கிழமைதோறும் மழையென்றும் பாராமல் உன்னைத் தமிழ்ப்பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு கடிதத்தையாவது முழுதாக வாசி.

அப்பாவுக்குச் சீனி இன்னும் இறங்கவில்லை, பாணைக் குறையுங்கோ என்றால் கேட்கிற ஆள் இல்லை. அண்ணை கௌசிகன் ஹரோ வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்ட வெளிக்கிட்டுக் கவுன்சிலோடு இழுபடுகிறான். அவன் மகள் தக்ஷிகா தமிழ்ப்பள்ளியில் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதினாளாம், பசு நமக்குப் பால் தரும், என் மாமியின் பசு பர்கர் தரும் என்று. ரீச்சர் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். கௌசிகன் அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குரோய்டனில் கணக்காய்வு வேலை, கழுத்தில் அட்டை, கோட்டும் சப்பாத்துமாய் நீ போய்வந்ததைப் பார்த்து ஊரே வாய் பிளந்தது. அதை விட்டுவிட்டு, கண்ணை மறைக்கிற மயிரும் முழ நீளக் கொம்பும் உள்ள மலைமாட்டின் பின்னால் போனாய். கொட்டில் வேண்டாம், உறைபனிக்குள்ளும் வெளியில் நிற்கும், வேறு மாடு திரும்பியும் பாராத முரட்டுப் புல்லைத் தின்று மெல்ல மெல்ல வளரும், அதனால்தான் இறைச்சி ருசி என்று நீ எனக்கு விளக்கம் சொன்னாய். பெற்ற தாய்க்கு, சைவக்காரிக்கு, இறைச்சியின் ருசியைச் சொன்னாய். நான் கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் மகள் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் பால் என்று நினைத்தார்கள், நான் திருத்தவில்லை. அதுதான் நான் செய்த பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நினைப்பில்தான் போன வருடத்துக்கு முதல் வருடம் ஆவணியில் கோயில் ஆட்கள் நாங்கள் நாற்பது பேர் ஸ்கொட்லாந்துச் சுற்றுலாவுக்கு வந்த பஸ்ஸை, கோயிலில் எல்லாம் முன்னின்று நடத்துகிற தவநாயகி அக்கா உன் பண்ணைக்குத் திருப்பினார், கோபூசை செய்யவேண்டுமென்று. பண்ணை வாசலில் நீ வைத்திருக்கிற இறைச்சிக் கடையை ஒரு மணித்தியாலம் பூட்டு, போர்டைக் கழற்று என்று உன்னைக் கெஞ்சினேன், நீயும் செய்தாய். நாலு மாதக் காளைக்கன்று ஒன்றுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நந்தி என்று பெயரும் வைத்து, நாற்பது பேரும் தொட்டுக் கும்பிட்டோம். எல்லாம் நல்லாகத்தான் போனது. தேத்தண்ணிக்கு இந்தப் பசுப் பாலில் கொஞ்சம் தா பிள்ளை என்று தவநாயகி அக்கா கேட்டார். "இது பால்மாடு இல்லை அன்ரி, இறைச்சிக்கு வளர்க்கிறன்" என்று நீ அவர் முகத்துக்கு நேரே சொன்னாய். பால் முடிந்துவிட்டது என்று சொன்னால் உன் வாய் வெந்தா போயிருக்கும்? திரும்பி வந்த வழியெல்லாம் பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அடுத்த வெள்ளி கோயில் மடைப்பள்ளிக்குச் சமைக்கப் போனேன், நீங்கள் இனி ஆறுதலாய் இருங்கோ அக்கா, நாங்கள் பாக்கிறம் என்றார்கள். பதினாறு வருடம் பிடித்த அகப்பையைச் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார்கள். இப்போது வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் போன கிழமை நீ, நந்தி வளர்ந்துவிட்டது, எட்டாம் திகதி புதன்கிழமை அனுப்புகிறன் என்று காலநிலை சொல்வதுபோலச் சொன்னாய். அது ஒன்றையாவது விடு என்று கேட்டேன். நான் உன்னிடம் வேறு என்ன கேட்டேன் இவ்வளவு காலத்தில்? "நந்தியை விட்டால் மற்றதுகளுக்கு நான் என்ன சொல்லுறது? நீங்கள் பொட்டு வைக்காததுகள் செத்தால் பரவாயில்லையோ அம்மா?" என்று கேட்டாய். நியாயம் பேச நல்லாகப் படித்திருக்கிறாய். அதுக்குத்தான் நான் கத்தினேன், இன்னும் எரிகிறது.

அப்பா செய்யாததையா நான் செய்கிறேன் என்று நீ மனதுக்குள் கேட்பாய், தெரியும். டென்மார்க்கில் அவர் மாடு வெட்டுகிற இடத்தில் பதினொரு வருடம் நின்றது உங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட. அகதியாய் வந்தவனுக்கு வேறு கதவு திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டுதரம் தலைமுழுகுவார். நான் ஊருக்கு எழுதின கடிதங்களிலெல்லாம் பிஸ்கட் தொழிற்சாலை என்றுதான் எழுதினேன். அவரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை, நானும் கேட்டதில்லை.

நான் உன்னோடு போனில் கத்தினது முழுவதையும் அவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். அடுத்த நாளே, வாற செவ்வாய்க்கிழமை உன்னிடம் வருகிற ரெயினுக்கு ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அங்கே போய் என்ன செய்யப்போறியள் என்று கேட்டேன். "அது லொறியாலை இறங்கேக்கை தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்திலை நிண்டால் பயப்பிடாது. பதினொரு வருசம் பாத்தனான். பிள்ளை தனிய நிண்டு இதைச் செய்யக்கூடாது" என்றார். முப்பது வருடத்தில் அந்த வேலையைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். அதையும் உன் பக்கம் நின்று சொன்னார்.

எனக்கு உங்கள் இரண்டு பேர் மேலும் கோபம். நான் வரமாட்டேன், என்னைக் கேட்கவும் வேண்டாம். அவருடைய குளிசையைக் காலையும் மாலையும் நீயே எண்ணிக் கொடு, மறந்துபோவார். அவரைச் சேற்றுக்குள் நல்ல சப்பாத்து இல்லாமல் விடாதே. புதன் முடிந்ததும் எனக்குப் போன் எடுத்து விவரம் சொல்லவேண்டாம்.

நீ நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. சாமியறைத் திருநீறு ஒரு கடதாசிச் சரை கட்டி அப்பாவின் பையில் வைத்திருக்கிறேன். அது உனக்கில்லை, லொறியில் ஏற்றமுதல் நந்தியின் நெற்றியில் பூசிவிடு. மிச்சம் இருந்தால் நீயும் பூசு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா