தொப்பூர் கணவாயில் எனக்கொரு பங்காளி

மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கும் என் ரஹீம் பாய்க்கு,

ஸலாம். நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. உங்களை அடித்துக் கொன்றவன் நலமாக இருக்கிறான். ஜாமீனில் வந்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கணவாயில் காரில் ஏறி இறங்குகிறான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இது பேனா பிடித்த கை இல்லை, டயர் லீவர் பிடித்த கை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன்தான் பைனான்ஸ் துரை. கணவாய் ஓரத்தில் டீக்கடை, இட்லிக்கடை, பஞ்சர் கடை வைத்திருக்கும் எல்லோரும் அவனிடம் கடன் வாங்கியவர்கள்தான். வாரவட்டி. தவறினால் வட்டிக்கு வட்டி. அதுவும் தவறினால் ஆள் வரும். பஞ்சர் கடை வைத்து வட்டி தவறிய எனக்கு அவனே வந்தான். என் பழைய கம்ப்ரசரை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, என் இடது கையை ரிம்மின் மேல் வைத்து சுத்தியலால் விரல்களை நசுக்கினான். பொண்டாட்டி செல்வி பக்கத்தில் நின்று கத்தினாள். அந்த விரல்கள் இன்னும் சரியாக மடங்குவதில்லை.

தர்மபுரியில் உங்கள் பழைய டயர் கடைக்கு வேலை கேட்டு வந்தேன். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, வேலை இல்லை என்றீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு லாரி டயரைத் தூக்கி உங்கள் மேல் போட்டிருப்பேன், கைதான் உதவவில்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். உங்கள் பள்ளிவாசலில் பைத்துல்மால் என்று ஒரு பொது நிதி இருந்தது. அரிசி, தையல் மிஷின் என்று தானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழைகளுக்கென்றே கடமையாகக் கொடுக்கும் ஜகாத்தைத் தொடாமல், நன்கொடையில் ஒரு பகுதியைத் தொழிலில் போடலாம், எந்த மதத்து ஏழையோடும் கூட்டுச் சேரலாம் என்று ஜமாத்தோடு மல்லுக்கட்டி ஒப்புக்கொள்ள வைத்தவர் நீங்கள்.

"கடன் இல்ல முருகேசா. வட்டி எங்களுக்கு ஹராம். கம்ப்ரசரை ரெண்டு பேரும் சேந்து வாங்குவோம். லாபத்துல எங்களுக்கும் பங்கு, நட்டத்துலயும் பங்கு. எங்க பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா நீ வாங்கிக்க, கடைசில மிஷின் முழுசா உன்னுது. அதுவரைக்கும் நாம பங்காளிங்க."

நட்டத்தில் பங்கு கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. கிறுக்கு பாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கடைசிச் சொல் எனக்குள் வேறு மாதிரி இறங்கிவிட்டது. உங்களுக்குப் பங்காளி என்றால் தொழில் கூட்டாளி. இண்டூர்ப் பக்கத்துக் குடியானவனான எனக்குப் பங்காளி என்றால் ஒரே ரத்தம், ஒரே குலசாமி, சாவு விழுந்தால் தீட்டு. பள்ளிவாசல் நமக்குப் பங்காளி ஆகிவிட்டது என்று செல்வியிடம் சொன்னேன்.

"அப்ப பாயி வூட்டுல பொண்ணு எடுக்கவும் முடியாது, குடுக்கவும் முடியாதுங்க" என்று சிரித்தாள்.

ஒவ்வொரு கடையாக உங்களோடு கூட்டுச் சேர்ந்தது. இட்லிக்கடைக்கு கிரைண்டர், டீக்கடைக்கு அடுப்பு, கரும்புச்சாறு விற்கிறவருக்கு மிஷின். துரையிடம் கை நீட்ட ஆள் குறைந்தது. பிழைப்பில் மண் விழுந்தால் அவன் சும்மா இருப்பானா?

அன்று நீங்கள் டயர் இறக்க வந்திருந்தீர்கள். துரை ஆட்களோடு வந்தான். முதலில் கம்ப்ரசரை அடித்தார்கள். பாய்ந்த என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். நீங்கள் குறுக்கே வந்து, மிஷினில் பைத்துல்மாலுக்குப் பங்கு இருக்கிறது, என்னிடம் பேசு என்றீர்கள். அவன் பேசவில்லை. என் கடையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து உங்கள் பின்மண்டையில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். டியூபை முக்கிப் பார்க்கும் தொட்டிக்குள் உங்கள் தலை கிடந்தது, தண்ணீர் சிவந்துபோனது. என்னை மண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். கண்ணை மட்டும் நான் மூடவில்லை பாய். அத்தனையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். மாரியம்மன் பண்டிகை வந்தது, எங்கள் வீட்டில் விளக்கு வைக்கவில்லை. பங்காளித் தீட்டு என்றேன். பாய்க்கு ஏதுடா உன்னிடம் தீட்டு என்று ஊரே சிரித்தது. கருமாதி நாள் பார்த்து மொட்டை போட்டுக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். எங்களில் அந்த வழக்கம் இல்லையே அண்ணே என்றாள் உங்கள் மகள் ஷாகிரா. சொன்னவளே என் தலையைப் பார்த்துத் தேம்பி அழுதாள்.

பைத்துல்மாலை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். ஜமாத் தலைவர் கடைக்கே வந்தார். உடைந்த கம்ப்ரசரைப் பழுது பார்த்த செலவில் அவர்கள் பங்கை எண்ணி வைத்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரி அந்தப் பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். நீங்கள் இருந்து பார்த்திருக்கக் கூடாதா?

நேற்று மத்தியானம் துரையின் கார் டயர் வெடித்து, சரியாக என் கடை முன்னால் நின்றது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. தனியாக இறங்கினான். காற்றடிக்கச் சொன்னான். நாளை மறுநாள் கோர்ட்டில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, பழைய பாக்கி எல்லாம் தள்ளுபடி என்றான். இல்லாவிட்டால் செல்வி தனியாகத்தான் கடையை நடத்த வேண்டியிருக்கும் என்றான். சொல்லிவிட்டு, டயரைப் பார்க்கக் குனிந்தான்.

பிடரி என் முன்னால் இருந்தது. லீவர் என் கையில் இருந்தது. ஒரே அடி போதும். ஆசையாக இருந்தது பாய், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லாபத்திலும் நட்டத்திலும் கூட்டு என்றால், நான் செய்யும் கொலையில் பாதிப் பழி உங்கள் கணக்கில் விழும். அங்கே போய் நீங்கள் யாருக்குப் பதில் சொல்வீர்கள்? லீவரைக் கீழே போட்டேன்.

"இந்த மிஷின்ல எனக்கொரு பங்காளி இருக்காரு. அவரைக் கேக்காம உனக்குக் காத்து குடுக்க முடியாது. போயி எழுப்பிக் கூட்டிக்கிட்டு வா, அடிக்கிறேன்."

கன்னத்தில் அறைந்தான். வாயில் ரத்தம் வந்தது. மறுபடி கை ஓங்கும்போது, இட்லிக்கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் கை கழுவாமல் எழுந்து வந்தார்கள். அவன் வெறும் ரிம்மிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு கணவாய் இறங்கினான்.

நாளை கூண்டில் ஏறுகிறேன். எங்கே அடித்தான், எதனால் அடித்தான், விழுந்த பிறகும் எப்படி அடித்தான், எல்லாம் சொல்வேன். இது சத்தியம். என்னைக் கொன்றால் அந்த நட்டத்திலும் ஜமாத்துக்குப் பங்கு உண்டு என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் பள்ளிவாசலில் இருந்து எல்லோரும் கிளம்பி என் வீட்டுக்கு வருகிறார்களாம், என்னை நடுவில் வைத்துக் கூட்டிப்போக.

இப்படிக்கு,
உங்கள் ரத்தத்தைப் பார்த்தவன், உங்கள் பங்காளி,
முருகேசன்